கடலை மிட்டாய் டப்பாவும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்: வீட்டுக்குள் வரும் பூச்சிகளை என்ன செய்வது?

என் மருமகள் "அத்தே…" என்று இழுத்துக் கூப்பிட்டால் கரப்பான். "அத்தை!" என்று ஒரே வெட்டாக வெட்டினால் எட்டுக்கால் பூச்சி. சத்தமே இல்லாமல், கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு பக்கத்து அறையிலிருந்து போன் பண்ணினால் பூரானோ தேளோ. சென்னையில் நாலாவது மாடியில் வளர்ந்த பெண். கல்யாணமாகி கன்னங்குறிச்சிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் பார்த்த பூச்சிகளை அதுவரை ஆயுசில் பார்த்ததில்லை என்றாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், மூன்று வீடுகளில் பட்டுத் தெரிந்துகொண்டது மிச்சம். பிறந்தது சேலம் அம்மாப்பேட்டையில், குழித்தறி ஓடிய வீடு. வாழ்க்கைப்பட்டது ஏற்காட்டுக்கு. வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்தில் ரைட்டர். பதினெட்டு வருடம் ஓட்டுக்கூரை போட்ட குவார்ட்டர்ஸ். இப்போது மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியில். சேலம் ஊர் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பூச்சிக் கூட்டமே மாறிவிடும். கீழே கரப்பானும் கொசுவும் எறும்பும். மேலே மரவட்டை, விளக்கைச் சுற்றும் அந்து, பெயர் தெரியாத வண்டுகள். அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்து விருந்தாளியும் வருவார்கள்.

செருப்பைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்றை யோசியுங்கள்: இது எதற்காக உள்ளே வந்தது? தின்ன வந்ததா, தண்ணீர் குடிக்க வந்ததா, விளக்கைப் பார்த்து வந்ததா, மழைக்கு ஒதுங்கியதா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விளக்குக்கு வந்ததை விளக்கை அணைத்தே அனுப்பிவிடலாம். சிந்திய சாதத்துக்கு வந்ததை எத்தனை அடித்தாலும், சாதம் சிந்திக் கிடக்கும் வரைக்கும் அடுத்தது வரும்.

கையில் இருக்க வேண்டியவை

கடலை மிட்டாய் வருகிற வாயகன்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். தடித்த அட்டையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று. (மெல்லிசு காகிதம் மடங்கிவிடும். பணக்கார வீட்டுப் பத்திரிகையாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.) பூந்துடைப்பம், முறம், டார்ச். தேள் வருகிற வீடென்றால் சமையலறை இடுக்கியில் நீளமானதாக ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

எட்டுக்கால் பூச்சி

சுவரில் தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி, பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருக்குமே, மருமகளின் வெட்டுச் சத்தம் அதற்குத்தான். அது வலை கட்டி இரை பிடிப்பதில்லை. ராத்திரியில் ஓடிப் பிடிக்கிறது. அதற்குப் பிடித்த சாப்பாடு கரப்பான். அது வீட்டில் அடிக்கடி கண்ணில் பட்டால், நம் வீட்டில் எத்தனை கரப்பான் என்று நமக்கு முன்னால் அது கணக்கெடுத்துவிட்டது என்று அர்த்தம். தானாக வந்து கடிக்காது. கையால் அமுக்கினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான்.

சில நேரம் வயிற்றுக்கு அடியில் வெள்ளைக் காசு மாதிரி ஒன்றை அணைத்துக்கொண்டிருக்கும். அது முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். அதை மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். பொரிக்கிற தறுவாயில் இருந்தால் குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறும். ஏற்காட்டில் புதுப்பெண்ணாக இருந்தபோது விளக்குமாற்றால் ஒரு போடு போட்டுவிட்டு, விடிய விடியக் கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தவள் நான்.

பிடிக்கிற விதம் இது. விளக்கைப் போட்டதும் ஓடும், துரத்தாதீர்கள். இரண்டு நிமிடம் ஆடாமல் நின்றால் அதுவும் நின்றுவிடும். டப்பாவைச் சுவருக்கு நேராகப் பிடித்து மெதுவாகக் கொண்டுபோய், கால் நுனி எதுவும் விளிம்பில் மாட்டாமல் கவிழுங்கள். கடைசி நாலு விரற்கடையில்தான் அவசரப்படத் தோன்றும், அங்கேதான் தப்பும். கவிழ்த்தபின் பத்திரிகையைச் சுவரோடு ஒட்டி ஒரு பக்கமிருந்து நகர்த்துங்கள். அட்டை காலில் பட்டால் அதுவே காலைத் தூக்கிக்கொள்ளும். முழுக்க மூடியதும் அட்டையை அழுத்திப் பிடித்தபடி வெளியே போங்கள். விறகு அடுக்கு, கல் குவியல், காம்பவுண்டுச் சுவர் இடுக்கு, எங்கே இருட்டு இருக்கிறதோ அங்கே விடலாம். நடு வாசலில் விட்டால் காலையில் காக்கைக்குத்தான் ஆகும்.

பாத்ரூம் வாளிக்குள் கிடந்தால் அது குழாய் வழியாக ஏறி வரவில்லை. தண்ணீர் குடிக்க இறங்கி, வழுவழுப்பில் ஏற முடியாமல் மாட்டிக்கொண்டது. ஒரு தென்னை ஈர்க்கையோ பழைய துண்டின் முனையையோ உள்ளே தொங்கவிட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள். காலையில் இருக்காது.

கூரை மூலையில் நூல் மாதிரிக் கால்களோடு தொங்கிக்கொண்டு, தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுகிற இனம் ஒன்று. ஆடுவது மிரட்ட. உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் ஸ்டோர் ரூம் மூலையில் இரண்டை விட்டு வைத்திருக்கிறேன். முன்கூடத்தில் விடுவதில்லை, சம்பந்தி வீட்டார் வருகிற இடம். போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது தூசி படிந்து கறுத்த வலைகளை எல்லாம் எடுத்துவிடலாம், அவற்றில் ஆள் இருக்காது.

கடைசியாக, ஜன்னலோரம் விரல் நகம் அளவில் குதித்துத் திரியும் குட்டி. கொஞ்ச நேரம் பாருங்கள், அது திரும்பி உங்களைப் பார்க்கும். எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டும் பெரியவை, பார்வை அத்தனை கூர்மை. என் மகனின் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறியைத் துரத்தி விளையாடும். ஈ, கொசு பிடிக்கிறது. அதை எதுவும் செய்ய வேண்டாம்.

சொல்லாமல் விட மனசு வரவில்லை. மாம்பழம், இரும்பு உருக்காலை, வெள்ளிக் கொலுசு என்று பெருமை பேசுகிற நம் ஊரின் பெயரில் ஒரு சிலந்தியும் இருக்கிறது. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் சேலம் பக்கத்திலிருந்து போன ஒன்றைப் பார்த்து 'பொயிசிலோதீரியா ஃபார்மோசா' என்று பெயர் வைத்தார். ஃபார்மோசா என்றால் லத்தீனில் அழகி. வெளிநாட்டில் சிலந்தி வளர்க்கிறவர்கள் இதைச் 'சேலம் ஆர்னமென்டல்' என்கிறார்கள். காலெல்லாம் ரோமம், உடம்பெல்லாம் கோலம் போட்டது மாதிரி வரிகள். கிழக்குத் தொடர்ச்சி மலை மரப்பொந்துகளில் இருப்பது. மரம் போனால் அதற்கு வீடு போயிற்று. இந்த வகையறா முழுவதையும் விற்று வாங்குவதற்கு 2019இல் பன்னாட்டுக் கட்டுப்பாடு வந்தது. ரோமக்கால் சிலந்தி எதுவாக இருந்தாலும் கையால் தொடாதீர்கள். கடித்தால் வலியோடு தசைப் பிடிப்பும் வரும், டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். டப்பாவில் பிடித்து, பொந்துள்ள பழைய மரத்தடியில் இருட்டியதும் விடுங்கள். படம் எடுத்து எங்கே கிடைத்தது என்று ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், பிடித்து விற்க ஆள் வந்துவிடும்.

தேள்: இங்கே விளையாட்டு கிடையாது

குழித்தறியில் நெய்கிறவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். அந்தக் குழி இருட்டு, குளிர்ச்சி. தேளுக்கும் பூரானுக்கும் அதைவிடச் சொகுசான இடம் அம்மாப்பேட்டையில் இல்லை. அப்பா தினமும் காலையில் தறியில் உட்காருவதற்கு முன் ஒரு குச்சியால் குழியின் நாலு சுவரையும் தட்டுவார், மிதிகட்டையைத் தூக்கி அடியில் பார்ப்பார், அப்புறம்தான் கால். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மழைக்காலத்தில் செருப்பு, ஷூ, உதறாமல் கிடக்கும் துணி, விறகு, தேங்காய் மட்டை எல்லாவற்றுக்கும் இதே பழக்கம்தான்: தட்டு, உதறு, பார், அப்புறம் கை வை.

பெரிதாகக் கறுப்பாகத் தடித்த கொடுக்கோடு வருகிற நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுவார்கள். கொட்டினால் வலி உயிர் போகும், உயிர் போவது அபூர்வம். பயப்பட வேண்டியது சிறிதாக, செம்பழுப்பாக, முன் கொடுக்கு மெலிந்து இருக்கிற செந்தேளுக்கு. குழந்தையைக் கொட்டினால் இதயத்தையே பாதிக்கும்.

தேள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரூபாய் நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கிற ஊதா டார்ச் கடையில் கிடைக்கும். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அதை அடித்தால் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். பேரன் வாங்கிவந்து கொல்லைப்புறக் கற்களில் அடித்த அன்றைக்கு நான் மூன்று எண்ணினேன். இத்தனை வருடமும் அவற்றுக்குப் பக்கத்தில்தான் பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

கண்டால் டப்பாவைக் கவிழ்த்து மேலே ஒரு கனம் வையுங்கள். அவசரம் இல்லை, நிதானமாக ஆளைக் கூப்பிடலாம். எடுப்பதென்றால் இடுக்கியால் வாலின் நுனிக்குக் கீழே பிடிக்க வேண்டும். சின்னக் குழந்தை தவழ்கிற வீட்டில் செந்தேளை அடித்துவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

கொட்டிவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொட்டின கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸை வலிக்கு ஒற்றிக்கொண்டு கிளம்புங்கள். குழந்தை என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், 108. பெரியவர்களுக்கும் வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி வந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அதேதான். முன்பு இந்த நிலைக்குப் போனவர்களில் நிறையப் பேர் பிழைத்ததில்லை. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்தான் 1980களில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை செந்தேள் விஷத்தின் பாதிப்பைத் தணிக்கிறது என்று காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மாத்திரை பெயர் தெரிந்துவிட்டது என்று நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அழுத்தம் இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

பூரான் கடி கடுக்கும், வீங்கும், பெரும்பாலும் அதோடு சரி. முறத்தில் தள்ளி வெளியே கொட்டுங்கள். மரவட்டை கடிக்கவே கடிக்காது. ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் வாசற்படியிலிருந்து அடுப்படி வரை ஊர்வலம் போகும். மிதித்தால் கறையும் நாற்றமும்தான் மிச்சம். பெருக்கித் தள்ளிவிட்டுக் கையைக் கழுவுங்கள், அதன் நீர் கண்ணில் பட்டால் எரியும்.

செய்யாத குற்றம்

காலையில் எழுந்தால் கழுத்தில் சாட்டையால் அடித்த மாதிரி ஒரு கோடு, எரிச்சல், கொப்புளம். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்பார்கள். பாவம் அது. பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது ஆசிட் பூச்சி என்று சொல்கிற ஒரு சின்ன வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நாம் அதை நசுக்கித் தேய்க்கும்போது உடம்பிலிருக்கும் நீர் தோலைப் பொசுக்குகிறது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதைப் பார்த்ததும் அக்கி என்று சொல்லிக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி பூசி எழுதுகிற வழக்கம் எங்கள் தெருவில் இருந்தது. எனக்கே எழுதியிருக்கிறார்கள், குளுகுளுவென்று இருந்தது. ஆனால் நிஜமான அக்கி வேறு. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் தங்கியிருந்து பிறகு கிளம்புவது அது. உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்து குத்திக் குடைந்தால் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போங்கள், மருந்து அப்போதுதான் நன்றாகக் கேட்கும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அன்றைக்கே.

குளவிக்கும் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறோம். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது பழமொழி. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் மண்ணால் கூடு கட்டுமே, காலியானது என்று நினைத்து ஒருமுறை உடைத்தேன். உள்ளே குட்டிக் குட்டி எட்டுக்கால் பூச்சிகள் அடைத்துக் கிடந்தன. சாகவில்லை, அசையவும் இல்லை. குளவி கொட்டி மரத்துப்போக வைத்து, அவற்றின் மேல் ஒரு முட்டையிட்டு மூடியிருக்கிறது. பொரிக்கும் குஞ்சுக்கு அது கட்டுச்சோறு. புழு குளவியாகவில்லை, குளவிக்குச் சோறாகிறது. கூட்டில் ஓட்டை தெரிந்தால் உள்ளே இருந்தது பறந்துவிட்டது, சுரண்டி எடுக்கலாம். மூடியிருந்தால் சில வாரம் பொறுங்கள், இந்த மண்குளவி வீண் சண்டைக்கு வராது. (குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். மருமகளிடம் அதைச் சொல்லப்போய் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.) கதண்டு மட்டும் தனி. கூட்டமாகத் துரத்திக் கொட்டும், ஆளையே கொல்லும். புகை போடுவது, கல்லெறிவது எல்லாம் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

தயவு தாட்சண்யம் பார்க்காதவை

கரப்பானிடம் எனக்கு இரக்கம் கிடையாது. பெரிய செங்கரப்பான் ஒவ்வொரு முட்டைக்கூட்டிலும் பதினைந்து பதினாறு வைத்து அலமாரி இடுக்கில் ஒட்டிவிட்டுப் போகும். கறுத்த புளியங்கொட்டையைச் சின்னதாக்கியது போல இருக்கும் அதைச் சுரண்டி எடுத்து நசுக்குங்கள். முதுகில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்ன இனம்தான் பெரிய தொல்லை. அது முப்பது நாற்பது முட்டையை இடுப்பிலேயே சுமந்து, பொரிக்கிற வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் சம அளவில் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, கேஸ் அடுப்புக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு அடியில் வையுங்கள். குழந்தை, பூனைக்கு எட்டவே கூடாது. ஒரே நாளில் ஒன்றும் நடக்காது, பத்து நாள் ஆகும். ராத்திரி சிங்க்கைத் துடைத்து ஈரமில்லாமல் காயவிட்டால் இன்னும் சீக்கிரம்.

ஸ்ப்ரே அடிப்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு தீபாவளிக்கு முன்னால் வீடு முழுக்க அடித்தேன். மறுநாள் செத்து விழுந்ததில் முக்கால்வாசி எட்டுக்கால் பூச்சி. பொங்கலுக்குள் கரப்பான் பழையபடி ஆகிவிட்டது, எட்டுக்கால் பூச்சிகள் திரும்ப வரவில்லை. காரணம் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் மறுபடி அடிக்கவில்லை.

கொசுவுக்கு: எங்கள் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் தினமும் வராது, எல்லா வீட்டிலும் டிரம் இருக்கும். டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரிக்கும். வாரம் ஒருமுறை உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள்.

எறும்புக்கு, வரிசையை நசுக்காதீர்கள். பின்னாலேயே போய் எந்த ஓட்டை என்று பார்த்து அதை அடையுங்கள், வந்த பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். வாசனையைப் பிடித்துத்தான் வருகின்றன. கறுப்புப் பிள்ளையார் எறும்பு ஒன்றும் செய்யாது. வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போட்டால் அதன் பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

மழை பெய்த சாயங்காலம் ஈசல் கிளம்பினால் உள் விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் ஒரு விளக்கைப் போட்டு அடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். எங்கள் பாட்டி அதை வாரி, பொரியோடு வறுத்துத் தருவார். ஆனால் ஈசல் வெளியிலிருந்து வராமல் உங்கள் சுவர் இடுக்கிலிருந்தோ நிலைப்படியிலிருந்தோ கிளம்பினால், கரையான் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. நிலையை விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் ஆளைக் கூப்பிட வேண்டிய வேளை.

சுவரில் பூசணி விதை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் மண் என்று நினைப்பீர்கள். அது ஒரு அந்தின் புழு, தூசியிலும் மணலிலும் தனக்குச் சட்டை தைத்துக்கொண்டு இரண்டு பக்க வாயாலும் எட்டிப் பார்க்கும். உதிர்ந்த முடியையும் பழைய ஒட்டடையையும் தின்கிறது. நிறைய இருந்தால் பெருக்கவில்லை என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. இராமபாணம் அப்படியல்ல. அதற்குக் கஞ்சிப் பசை என்றால் உயிர். கஞ்சி போட்ட பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடுவது) அப்பா வேப்பிலைச் சருகோடு சுற்றி வைப்பார். நான் புடவையை வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைக்கிறேன்.

பிடித்துக்கொண்டு போனதை வெளியே விட்டபின் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து, மேலே 'பூச்சி' என்று பேனாவால் எழுதி வையுங்கள். எழுதாததால் எங்கள் வீட்டில் ஒருமுறை அதில் மறுபடி கடலை மிட்டாய் ஏறிவிட்டது. மருமகள்தான் ஏற்றினாள். நான் சொல்வதற்குள் வீட்டுக்காரர் மூன்று தின்றிருந்தார்.